முதலெழுத்து ஒன்றான சொற்கள்

ஆங்கிலத்தில் மூக்கின் வேலைகளைச் சொல்லும் சொற்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை 'எஸ்', 'என்' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்குவது கண்ணில் படும். தும்முவது ஸ்னீஸ். குறட்டை விடுவது ஸ்னோர். மோப்பம் பிடிப்பது ஸ்னிஃப். மூக்கால் சீறுவது ஸ்னார்ட். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழுவது ஸ்னிவல். பன்றிக்கும் நாய்க்கும் முன்னே நீண்டிருப்பது ஸ்னவுட். மூக்குப்பொடி ஸ்னஃப். மூக்கைச் சுளித்து ஏளனமாகப் பார்ப்பது ஸ்னீர். பிறரைவிடத் தான் உயர்ந்தவன் என்று மூக்கை நிமிர்த்தி நடப்பவனுக்கும் ஸ்னூட்டி என்று இதே குடும்பத்திலிருந்து ஒரு சொல் கிடைக்கிறது.

இன்னொரு கூட்டமும் உண்டு. 'ஜி', 'எல்' என்று தொடங்குபவை: க்ளோ, க்ளீம், க்ளிட்டர், க்ளிம்மர், க்ளின்ட், க்ளேர், க்ளாஸ். எல்லாம் ஒளியும் மினுக்கமும். ஒளி இருந்தால் பார்வை உண்டு. எனவே க்ளான்ஸ், க்ளிம்ப்ஸ் என்று கண்ணோட்டத்தைச் சொல்பவையும் அதே வாசல் வழியாக வருகின்றன. ஒளி மங்கினால் க்ளூம்.

வாசுதேவநல்லூரிலோ புளியங்குடியிலோ சிவகிரியிலோ தமிழ்வழியில் படிக்கும் ஒரு பிள்ளை இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்கிறது. முதலெழுத்தைப் பார்த்தே பொருளின் ஒரு பாதியை ஊகிக்கலாம் என்று அதற்கு எவரும் சொல்வதில்லை. சொன்னால், விவரமான பிள்ளை உடனே மறுகேள்வி கேட்கும்: அப்படியென்றால் ஸ்னோ என்ற பனிக்கும் ஸ்னேக் என்ற பாம்புக்கும் மூக்கோடு என்ன தொடர்பு? க்ளூ என்ற பசையில் ஒளி எங்கே? க்ளோப் என்ற உருண்டையில் எங்கே?

கேள்வி நியாயமானது. முதலெழுத்து ஒன்றானால் பொருளும் உறவாகுமா? உறவு என்றால் எந்த வகை உறவு? இதை இந்த ஊர்கள் அமைந்த தென்காசி மாவட்டத்தில் நின்றுகொண்டு கேட்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. வாசுதேவநல்லூருக்குக் கிழக்கே, பக்கத்து ஊரான சங்கரன்கோவிலில்தான் 1902 பிப்ரவரி 7 அன்று ஞா. தேவநேயப் பாவாணர் பிறந்தார். ஊருக்கு அன்றைய வழக்கில் சங்கரநயினார்கோவில் என்று பெயர். முதலெழுத்து ஒன்றான சொற்களைக் கூட்டம் கூட்டமாக அடுக்கி, அவற்றின் வேரைத் தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட தமிழறிஞர் அவர். அவர் தேடியது தமிழில் மட்டுமல்ல. ஆங்கிலம், இலத்தீன், கிரேக்கம் என்று எட்டிய மொழிகளில் எல்லாம் தேடினார்.

ஆங்கிலக் கதையை முதலில் பார்த்துவிடலாம். 1653-இல் ஜான் வாலிஸ் என்பவர் ஆங்கிலத்துக்கு ஓர் இலக்கணம் எழுதினார், இலத்தீன் மொழியில். இவர் கணித அறிஞர்; இரண்டு ஆண்டு கழித்து முடிவிலிக்கு இன்று நாம் போடும் படுத்த எட்டுக் குறியை உலகுக்குத் தந்தவரும் இவரே. தொடக்க மெய்களைப் பொருள்வாரியாக அந்த இலக்கணத்தில் அடுக்கினார். 'டபிள்யூ', 'ஆர்' என்று தொடங்கினால் முறுக்கல், திருகல்: மணிக்கட்டு ரிஸ்ட், மல்லுக்கட்டு ரெஸில், பிழிவது ரிங், சுருக்கம் ரிங்க்கிள், வளைத்துக் கட்டிய மலர்வளையம் ரீத். இந்தச் சொற்களில் 'டபிள்யூ' இன்று ஒலிப்பதே இல்லை. வாய் மறந்துபோன உறவை எழுத்து காப்பாற்றி வைத்திருக்கிறது.

இத்தகைய தொடக்கக் கூட்டொலிகளுக்கு 1930-இல் ஃபோனஸ்தீம் என்று பெயரிட்டவர் ஜே. ஆர். ஃபர்த். இவர் 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். பின்னாளில் இலண்டனில் மொழியியலுக்கு ஒரு தனி மரபையே உண்டாக்கியவர். தமிழ் வாசகர் இவரை நினைவில் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934-ஆம் ஆண்டுப் பதிப்பில் தமிழ் ஒலிப்பு பற்றிய சிறு பகுதியை எழுதிச் சேர்த்தவர் ஃபர்த்தான். ஆங்கிலச் சொல்லின் தலையில் நிற்கும் கூட்டொலிக்குப் பெயர் வைத்தவர், சொல்லின் தலையில் கூட்டொலியே நிற்காத மொழியின் ஒலிப்பையும் ஆராய்ந்திருக்கிறார்.

அந்த வேறுபாடு முக்கியமானது. தமிழில் சொல் எந்தெந்த எழுத்தில் தொடங்கலாம் என்று தொல்காப்பியம் வரையறை செய்திருக்கிறது. உயிர் தொடங்கலாம், உயிர்மெய் தொடங்கலாம். தனி மெய் தொடங்காது. ஆகவே இரண்டு மெய் சேர்ந்த தொடக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த விதி ஏட்டோடு நின்றுவிடவில்லை. இன்றும் நாக்கில் உயிரோடு இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் பள்ளிக்கூடம் 'இஸ்கூல்', கண்ணாடித் தம்ளர் 'கிளாசு', தட்டு 'பிளேட்டு'. தொடக்கத்தில் கூட்டொலி இல்லாத அயல்சொல்லும் நம் வாயில் உருமாறுவதற்குக் கும்பினி என்ற சொல்லை எண்ணிப் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், நெற்கட்டான்செவலையும் வாசுதேவநல்லூரையும் பாளையக்காரர் புலித்தேவர் காத்து நின்றபோது, எதிரே வந்த கம்பெனிப் படை மக்கள் வாயில் கும்பினிப் படை ஆனது. என் காதில் அந்தச் சொல் கும்பு, கும்பல் என்பவற்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அயல்சொல் ஒன்று உள்ளே வரும்போது ஏற்கெனவே இருக்கும் சொற்களின் சாயலுக்குள் நுழைந்துவிடுகிறது.

க்ளிட்டர் தமிழ் வாயில் 'கிளிட்டர்' ஆகும்போது இழப்பும் நேர்கிறது. ஆங்கிலேயர் காதில் க்ளீம், க்ளோ, க்ளாஸ் மூன்றும் ஒரே தொடக்கம். நம் காதில் அவை கிளீம், குளோ, கிளாஸ் என்று இடையில் உயிர் புகுந்து பிரிந்து, கிளி, குளம், கிளை என்ற சொற்களுக்கு அருகில் போகின்றன. ஆங்கிலம் பொருளைக் கட்டி வைத்திருக்கும் முடிச்சு அந்த இரட்டை மெய்யில் இருக்கிறது. நாம் அதை அவிழ்த்துவிட்டு உச்சரிக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு இந்தக் கூட்டங்கள் தாமாகத் தென்படாமல் போவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கண்ணால் காணும்படி எழுதிக் காட்டினால்தான் புலப்படும்.

ஆங்கிலேயர் மனத்தில் இந்த முடிச்சு உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது அகராதி பார்ப்பவர் கற்பனையா? பெஞ்சமின் பெர்கன் என்ற மொழியியலாளர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. திரையில் ஒரு சொல் கண நேரம் தோன்றி மறையும்; அடுத்து இன்னொரு சொல் வரும்; அது உண்மையான ஆங்கிலச் சொல்தானா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். க்ளிட்டருக்குப் பின் க்ளோ வந்தபோது ஆட்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். எழுத்து மட்டும் ஒத்த இணைகளிலும் பொருள் மட்டும் ஒத்த இணைகளிலும் அந்த விரைவு இல்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் இருந்தது. ஆங்கில உரைத்தொகுப்பு ஒன்றை எண்ணிப் பார்த்ததில், 'ஜி', 'எல்' தொடக்கச் சொற்களில் பத்துக்கு நான்கு அளவில் ஒளி அல்லது பார்வையைச் சார்ந்தவை. அவை உரையில் வரும் தடவைகளைக் கணக்கிட்டால் பத்துக்கு ஆறு. மீதி நான்கில்தான் பசையும் உருண்டையும் கையுறையும். விவரமான பிள்ளையின் கேள்விக்கு இதுவே நேர்விடை: இது விதி அன்று, சாய்வு. ஆனால் வலுவான சாய்வு.

சாய்வு எப்படி உண்டாயிற்று? பலரும் முதலில் எண்ணும் விடை, ஒரே வேர் என்பது. அதில் உண்மை இருக்கிறது. க்ளோ, க்ளீம், க்ளாஸ் முதலியவை ஒளிர்தலைக் குறித்த ஒரு தொல்வேரிலிருந்து வந்தவை என்று இந்தோ-ஐரோப்பிய மொழிநூலார் கொள்கிறார்கள். கோல்ட் என்ற பொன்னும் யெல்லோ என்ற மஞ்சளும் அதே வேரின் பிள்ளைகள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கூடப்பிறந்த மஞ்சளுக்கு அந்த முதலெழுத்துகள் இல்லை. பிறப்பால் உறவு என்பது முதலெழுத்தைச் சார்ந்ததே அன்று.

இதற்கு மறுதலையும் உண்டு. க்ளாமர் என்ற சொல் சினிமாச் செய்தியால் நமக்கெல்லாம் பழக்கம். மினுக்கும் கவர்ச்சியும் அதன் பொருள். அது ஒளி வேரில் பிறந்ததல்ல. கிராமர் என்ற சொல்லின் திரிபு. ஆம், இலக்கணம்தான். படிப்பறிவு சிலருக்கே வாய்த்த காலத்தில் ஏட்டறிவு என்றாலே மந்திர வித்தை என்று மக்கள் அஞ்சினார்கள். ஸ்காட்லாந்து வழக்கில் அந்தச் சொல்லின் ரகரம் லகரமாகி, கண்கட்டு வித்தை என்ற பொருளில் நின்றது. வால்டர் ஸ்காட்டின் எழுத்துகள் அதை ஆங்கிலத்தில் பரப்பின. பிறகு க்ளிட்டர், க்ளீம் ஆகியவற்றின் பக்கத்தில் குடியேறி, மந்திரத்தை விட்டு மினுக்கத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டது.

ஸ்னீஸின் கதை இன்னும் வியப்பானது. பழைய ஆங்கிலத்தில் தும்முவதைக் குறித்த சொல் 'எஃப்', 'என்' என்று தொடங்கியது. அந்தத் தொடக்கம் இடைக்காலத்தில் வழக்கொழிந்தது. அன்றைய எழுத்துமுறையில் நீண்ட 'எஸ்' என்று ஒரு வடிவம் உண்டு; பார்வைக்கு 'எஃப்' போலவே இருக்கும். பழக்கமில்லாத 'எஃப்' எழுத்தை 'எஸ்' என்று மாற்றிப் படித்ததால் ஸ்னீஸ் வந்திருக்க வேண்டும் என்று அகராதியாளர்கள் கருதுகிறார்கள். பிழையாக நுழைந்த வடிவம் நிலைத்ததற்குக் காரணம், ஸ்னோரும் ஸ்னவுட்டும் ஏற்கெனவே அங்கே இருந்ததுதான். தும்மலுக்கு அந்த ஒலி பொருந்திவிட்டது. ஸ்னூப் என்ற சொல்லும் அப்படியே. டச்சு மொழியில் அதன் மூலம் ஒளித்துவைத்துத் தின்பண்டம் தின்பதைக் குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்தது. இப்போது பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பது என்றே பொருள். மூக்குச் சொற்களின் தெருவில் குடியிருந்ததால் மூக்கு ஒட்டிக்கொண்டது.

ஆக, பிறப்பால் உறவு ஒன்று, சேர்க்கையால் உறவு இன்னொன்று. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. சொல்லின் வரலாற்றைத் தோண்டினால்தான் தெரியும்.

தமிழிலும் சேர்க்கை நடக்கிறது. கொய்யா அமெரிக்க வெப்பநாட்டுப் பழம். போர்த்துகீசியரோடு இந்தியாவுக்கு வந்தது. அவர்கள் மொழியில் அதன் பெயர் கோயாபா. தமிழ் வாய் அதைச் சுருக்கியதும், பக்கத்தில் கொய், கொய்தல் என்ற நம் பழைய வினை நின்றது. கொய்து தின்பதால் கொய்யா என்று விளக்கம் சொல்பவர்களை இன்றும் பார்க்கலாம். அந்த விளக்கம் வரலாறு அன்று. ஆனால் அந்த ஈர்ப்பு மெய். பெயர் நம் நாவில் இவ்வளவு இயல்பாக நிலைத்ததற்கு அந்த வினை துணை நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

இனி பாவாணருக்கு வரலாம். சொல்லுக்குப் பொருள் ஏன் அமைந்தது என்ற காரணம் பார்த்தவுடன் விளங்கித் தோன்றாது என்ற கருத்தைத் தொல்காப்பியர் உரியியலில் சொல்லியிருக்கிறார். காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. தெளிவாகத் தோன்றாது என்கிறார். இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலோ மொழியியலாளர் சசூரின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு இடுகுறியானது என்பது அவர் கொள்கை. அவர் விரிவுரைகள் 1916-இல் நூலாயின. பாவாணர் தொல்காப்பியரின் பக்கம் நின்று, தோன்றாத காரணத்தைத் தோற்றுவிக்க முயன்றவர். 1940-இல் ஒப்பியன் மொழிநூல், 1953-இல் முதற்றாய்மொழி, 1973-இல் வேர்ச்சொற் கட்டுரைகள் என்று அந்த முயற்சி நீண்டது. பள்ளி ஆசிரியராக ஊர் ஊராகப் பணி மாறியும், சேலம் கல்லூரியிலும் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியும், 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநரானார். 1981 ஜனவரியில், மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் பேசிய சில நாட்களுக்குள் மறைந்தார். அகரமுதலியின் முதல் பகுதி அச்சாகி வந்தது 1985-இல். அதை அவர் பார்க்கவில்லை என்பது இன்று நினைத்தாலும் மனத்தை வருத்துகிறது.

அவர் முறையின் சாரம் இது. முன்னிருப்பதைச் சுட்டும் உகரத்திலிருந்து உல் என்ற வேர் எழுந்தது. அதன் முன் மெய்கள் சேர்ந்து குல், சுல், துல், நுல், புல், முல் என்று கிளைத்தன. தோன்றுதல், முன்செல்லுதல், நெருங்குதல், பொருந்துதல், வளைதல், துளைத்தல் என்ற கருத்துகள் இவற்றில் ஒன்றிலிருந்து ஒன்றாக விரிந்தன. இதை வெறும் சூத்திரமாகப் படித்தால் நம்பக் கடினமாக இருக்கும். சொற்களை அருகருகே வைத்தால் திகைப்பு உண்டாகும். முன், முகப்பு, முனை, முளை, முள், முகை, முந்து, முட்டு: எல்லாம் முன்னே நீட்டி நிற்பவை. மூக்கும் அப்படித்தான், முகத்தில் முன்னே நீட்டியிருப்பது அதுதானே. குழி, குழல், குழாய், குளம், குகை, குடம், குடல், குடை, குவி, குண்டு, கூடு: எல்லாம் வளைந்தவை அல்லது உட்குழிந்தவை. நுண், நுனி, நுணுக்கு, நுழை: எல்லாம் மெல்லியவை, கூரியவை.

இந்தக் கூட்டங்கள் கற்பனை அல்ல. எந்தத் தமிழ் அகராதியைப் பிரித்தாலும் கண்ணில் படுபவை. யாழ்ப்பாணத்து நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரும் 1938-இல் வெளிவரத் தொடங்கிய தம் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியில் இதே போல் சில அடிப்படை வேர்களுக்குள் தமிழ்ச் சொற்களை அடக்க முயன்றார். இரண்டு பேரும் கண்டது ஒரே நிலக்காட்சி.

ஆனால் கண்டதை எப்படி விளக்குவது? டி. பரோவும் எம். பி. எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் குழியும் குடமும் குடலும் தனித்தனிப் பதிவுகள். அவர்கள் கேட்ட கேள்வி வேறு: இந்தச் சொல்லுக்குக் கன்னடத்தில், தெலுங்கில், துளுவில், கோண்டியில் இணை உண்டா? ஒலிமாற்றம் ஒழுங்காக இருக்கிறதா? மூக்கு என்றால் கன்னடத்தில் மூகு, தெலுங்கில் முக்கு என்று வரிசை நிற்கிறது. அதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். முனையோடும் முளையோடும் மூக்கைக் கட்ட மாட்டார்கள்.

பாவாணர் எல்லாவற்றையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்கிறார். பரோவும் எமனோவும் அயல்வீட்டுக்காரர் என்று விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்து ஸ்னீஸும் க்ளாமரும் இடையில் ஒரு வழியைக் காட்டுகின்றன: வெவ்வேறு வயிற்றில் பிறந்தும் ஒரே தெருவில் வாழ்ந்து சாயல் பெற்ற சொற்கள். குடமும் குழியும் ஒரே வேரா என்று மெய்ப்பிக்க முடியாமல் போகலாம். ஆனாலும் தமிழ் பேசுபவர் மனத்தில் 'கு' என்ற தொடக்கம் வளைவையும் குழிவையும் நோக்கிச் சாய்கிறது என்று சொல்ல இடம் இருக்கிறது. பாவாணருடைய கூட்டங்களை மறுப்பவர்கள் பெரும்பாலும் அவருடைய விளக்கத்தை மறுத்துவிட்டு, அவர் திரட்டிய சான்றுகளையும் சேர்த்தே வீசிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

அவருடைய நூல்களில் எனக்கு மிகவும் ஆழமாகத் தோன்றும் இடம் ஒன்று உண்டு. இயற்கை ஒலிகளை வகைப்படுத்தும்போது வாய்ச்செய்கை ஒலி என்று ஒரு வகையை அவர் வைக்கிறார். வாய் செய்யும் செய்கையே பொருளைக் காட்டுகிறது என்பது அதன் கருத்து. ஊ என்று சொல்லிப் பாருங்கள். உதடு குவிந்து முன்னே நீள்கிறது. முன்னிருப்பதைச் சுட்ட அந்த ஒலி அமைந்தது என்கிறார் பாவாணர். குவிந்த உதடு வட்டமாகவும் இருக்கிறது, நடுவில் துளையோடும் இருக்கிறது. குடம், குழி, சுழி, சுருள், துளை, உருண்டை, முட்டை என்ற சொற்களைக் கண்ணாடி முன் நின்று சொன்னால், ஒவ்வொன்றிலும் உதடு அதே வடிவத்துக்கு வருவதைக் காணலாம்.

2001-இல் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ராமச்சந்திரன் தமிழ்நாட்டில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றும் நரம்பியல் அறிஞர். இரண்டு உருவங்கள்: ஒன்று கூர்முனைகள் கொண்டது, மற்றது குமிழ் குமிழாக வளைந்தது. இவற்றில் எது பூபா, எது கிக்கி? கேட்கப்பட்டவர்களில் 95 விழுக்காட்டினர் வளைந்ததைப் பூபா என்றார்கள். கோலர் என்ற உளவியலாளர் 1929-இலேயே இதே போன்ற சோதனையைச் சொல்லியிருக்கிறார். ராமச்சந்திரன் தந்த விளக்கத்தில் உதடும் நாக்கும் அசையும் விதம் உருவத்தின் சாயலைப் பெறுகிறது. அந்த இடத்தில் நான் பாவாணரை நினைத்துக்கொள்கிறேன். மூளையைப் படம் பிடிக்கும் கருவி எதுவும் கையில் இல்லாமல், தமிழ்ச் சொற்களை மட்டும் அடுக்கி அடுக்கி, அவர் அதே வாசலுக்கு வந்திருக்கிறார்.

2022-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று 25 மொழிகளைப் பேசுவோரிடம் இந்தச் சோதனையைச் செய்து, மொத்தத்தில் 72 விழுக்காடு அளவில் ஒத்துப்போவதைக் கண்டது. 2016-இல் ஆயிரக்கணக்கான மொழிகளின் அடிப்படைச் சொற்களை ஒப்பிட்ட இன்னோர் ஆய்வு, மூக்கைக் குறிக்கும் சொற்களில் நகர ஒலி எதிர்பார்ப்பைவிட மிகுதியாக வருவதைக் காட்டியது. ஆங்கிலத்தில் நோஸ், வடமொழியில் நாசி. தமிழ் மூக்கில் நகரம் இல்லை. ஆனால் மகரம் இருக்கிறது. மூக்கு, மூச்சு, முகர், மோப்பம் என்று மூக்கின் சொற்கள் நம்மிடமும் ஒரே மெய்யில் தொடங்குகின்றன. மெல்லின எழுத்துகளுக்கு மூக்கின் வளி வேண்டும் என்று நம் இலக்கண நூல்கள் பண்டே வகுத்துவிட்டன. மூக்கால் பிறக்கும் ஒலியால் மூக்கைக் குறிப்பது இயல்புதானே. ஆகவே ஸ்னோரும் மூக்கும் நெருங்கி ஒலித்தால் அதற்கு மொழியுறவு தேவையில்லை. எல்லா மனிதருக்கும் ஒரே போன்ற மூக்கு இருப்பது போதும். பிறப்பு, சேர்க்கை இரண்டோடு உடம்பு என்ற மூன்றாவது காரணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்றாவதைப் பாவாணர் அறிந்திருந்தும், மொழிகளுக்கிடையே ஒப்புமை கண்டபோது பிறப்புறவையே பெரிதாக எடுத்துக்கொண்டார். அவரோடு நான் வேறுபடும் இடம் அதுதான். வேர் ஒன்றின் பொருள் தோன்றுதலிலிருந்து துளைத்தல் வரை விரியுமானால், எந்தச் சொல்லையும் அதற்குள் கொண்டுவந்துவிடலாம். குத்தும் குச்சிக்கும் இடம் உண்டு, குழிந்த குடத்துக்கும் இடம் உண்டு. எதையும் விலக்காத வேர் எதையும் மெய்ப்பிக்காது. மொழி கடந்து போகும்போது இந்த ஆபத்து பெருகும். முறுக்கலைச் சொல்லும் ரிஸ்ட், ரெஸில் முதலியவற்றின் ஒலியாத 'டபிள்யூ'வையும் நம் வளை, வளையம், வட்டம் என்பவற்றின் வகரத்தையும் பக்கத்தில் வைத்தால் மனம் துள்ளும். துள்ளல் சான்றாகாது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இதே பழைய திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்தவர்; அவரும் ஐரோப்பிய மொழிகளோடு ஒத்த சொற்களின் பட்டியல்களைத் தொகுத்திருக்கிறார். அவர் நூலில் காலத்தை வென்று நிற்பது அந்தப் பட்டியல் அன்று. திராவிட மொழிகளுக்கிடையே அவர் காட்டிய ஒழுங்கான உறவுகள்தாம்.

பிறப்புறவு எவ்வளவு மறைந்து கிடக்கும் என்பதற்கு ஆங்கில வீலும் வடமொழிச் சக்கரமும் போதும். முதலெழுத்தில் ஒற்றுமை இல்லை. காதுக்கு உறவே தெரியாது. ஆனால் ஒழுங்கான ஒலிமாற்ற விதிகளின்படி இரண்டும் ஒரு தொல்சொல்லின் வழிவந்தவை. ஐந்தைக் குறிக்கும் ஃபைவும் பஞ்ச என்ற வடமொழிச் சொல்லும் அப்படியே. மறுபுறம் கேஷ் என்ற சொல்லைப் பாருங்கள். பணத்தைக் குறிக்கும் ஆங்கில கேஷ், பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. அதே எழுத்துகளில் இன்னொரு கேஷ் உண்டு: இந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சிறு நாணயங்களுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர். அது போர்த்துகீசியர் வழியாக நம் காசிலிருந்து போனது. எழுத்துக்கு எழுத்து ஒன்றான இரண்டு சொற்களில் ஒன்று நமக்கு உறவு, மற்றது உறவில்லை. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்துக்குப் போன வழியை ஆவணங்கள் காட்டுகின்றன; அங்கே நாம் உரிமை கொண்டாடலாம், யாரும் மறுக்கப்போவதில்லை.

இவ்வளவும் வகுப்பறைக்கு உதவுமா? உதவும். ஆங்கில ஆசிரியர் ஒருவர் கரும்பலகையின் ஒரு பக்கம் ஸ்னீஸ், ஸ்னோர், ஸ்னிஃப் என்றும், மறுபக்கம் மூக்கு, மூச்சு, முகர், மோப்பம் என்றும் எழுதலாம். ஒரு பக்கம் க்ளோ, க்ளீம், க்ளிட்டர். மறுபக்கம் மின், மினுக்கு, மிளிர், மின்மினி. விலகி நிற்கும் ஸ்னோவையும் க்ளூவையும் மறைக்காமல் கீழே தனியாக எழுத வேண்டும். ஸ்னேக்கும் ஸ்னெயிலும் ஊர்வதைக் குறித்த வேறொரு பழைய வேரின் பிள்ளைகள் என்றும் சொல்லிவிடலாம்.

பாவாணருடைய கூட்டங்களைச் சோதிப்பதற்கும் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. வாசுதேவநல்லூரிலோ சங்கரன்கோவிலிலோ ஒரு பள்ளி போதும். தமிழில் இல்லாத சில சொற்களை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும்: குழப்பு, குமுறு போல் ஏற்கெனவே உள்ள சொற்களை நினைவூட்டாதபடி 'கு' தொடக்கத்தில் சில, அதே மெய்களோடு 'கி', 'கெ' தொடக்கத்தில் சில. ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு படங்கள், ஒன்றில் பானை, மற்றதில் ஈட்டி. எது எதன் பெயர் என்று பிள்ளைகள் குறிக்கட்டும். பிறகு அதே சொற்களைத் தமிழே அறியாத வெளிமாநிலத்துப் பிள்ளைகளுக்கு ஒலிக்கச் செய்து கேட்க வேண்டும். 'கு' சொற்களுக்கு இரு சாராரும் பானைப் பக்கமே சாய்ந்தால் காரணம் உதட்டில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் சாய்ந்தால் அது குடமும் குழியும் குளமும் சேர்ந்து அவர்கள் மனத்தில் கட்டியது. இரு சாராரும் சாயாவிட்டால் குடத்தையும் குழியையும் பரோவும் எமனோவும் வைத்த தனித்தனிப் பதிவுகளிலேயே விட்டுவிடலாம்.